மாமா அணைக்காத கற்பூரம்

தட்டில் வெற்றிலைமேல் எரிந்துகொண்டிருந்த அந்தக் கற்பூரத்தை ஏற்றியவள் நான்தான். மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு நான் செயலாளர். திருவிழா முடிந்து அலங்காரத்தைக் கலைத்த மறுநாள் காலை, அம்மனின் பதக்கச் சங்கிலியைக் காணவில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு பொருள் காணாமல் போனால், சந்தேகத்துக்கு உள்ளானவர் அம்மன் முன்னால் நின்று எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, எடுக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். அணைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. மறுத்தால் அவர்தான் திருடர்.

யாரைக் கூப்பிடுவது என்று யாரும் யோசிக்கவே இல்லை. என் அம்மாவின் தம்பி, சின்ன மாமா, முந்தின நாள் பந்தல் பிரிக்க வந்திருந்தார். பத்தொன்பது வயதில் அதே அம்மனின் வெள்ளிக் கிரீடத்தைத் திருடிச் சிறைக்குப் போனவர். திரும்பி வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஒழுங்காக லோரி ஓட்டினார், எந்த வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாய் நின்றார். ஆனாலும் தோட்டத்து லய வீடுகளில் அவர் பெயர் ‘கிரீடம்’தான். பிள்ளைகள்கூட ‘கிரீடம் மாமா’ என்று கூப்பிடும். அவரும் சிரித்தபடி திரும்பிப் பார்ப்பார். அவருக்கு அது வலிக்கவில்லை என்று அந்தச் சிரிப்பை வைத்து நானும் நம்பித் தொலைத்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் பிழைப்பே இதைத் தடுப்பதுதான்; சிறார் நன்னடத்தை அலுவலகத்தில் வேலை. நீதிமன்றம் அனுப்பும் இளையவர்களின் பெற்றோரிடம், ஒருமுறை செய்ததையே பெயராக்கிக் கூப்பிடாதீர்கள், பிறகு அந்தப் பெயருக்கு ஏற்றபடிதான் வாழ்வார்கள் என்று வாய் கிழியப் பேசுவேன். தப்பு செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிடுவேன். அலுவலகத்தில் அவ்வளவு பேசிய வாய் கோயிலில் மூடிக்கொண்டது.

மாமா தட்டுக்கு முன்னால் வந்து நின்றார். மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். அவர் கை உயர்ந்தது, இறங்கியது.

“நான் எடுக்கல. ஆனா இதுல கை வைக்க மாட்டேன்,” என்றார்.

அப்புறம் என்ன, இவர்தான் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. மாமா செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது என்னைப் பார்த்தார். நான் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். மறுநாளே தோட்டத்தை விட்டு, சுங்கை செம்பிலாங்கில் மீன் ஏற்றும் வேலைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பதினோராம் நாள், அம்மனின் புடவைகளை உலர்த்த எடுத்தேன். ஒன்றின் சரிகையில் சங்கிலி சிக்கிக் கிடந்தது. அந்தப் புடவையை மடித்து வைத்தவளும் நான்தான்.

அன்றே போய் அவர் காலில் விழப் பார்த்தேன், தடுத்துவிட்டார். ஏன் மாமா அணைக்கவில்லை என்று கேட்டேன். கிரீடத்தைத் திருடிய அன்று இதேபோல் கற்பூரத்தைக் கூசாமல் அடித்து அணைத்தாராம். ஒரு வாரம் எல்லோரும் நம்பினார்களாம். இனி செத்தாலும் அந்த நெருப்பைத் தொடுவதில்லை என்று சிறையில் முடிவெடுத்தாராம்.

“இங்க வந்து அழுவாத லா,” என்றார். “எல்லாரு முன்னாலயும் கேட்ட. எல்லாரு முன்னாலயும் சொல்லு.”

வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்தார். அதே கூட்டம். சங்கிலி என் கவனக்குறைவால் காணாமல் போனது என்று அறிவித்துவிட்டு உட்காரப் போனேன். மாமா விடவில்லை.

“அன்னிக்கி நான் கைய இறக்குனப்ப நீ என்னா நெனச்ச?”

கோயில் நிர்வாகக் குழு சொன்னதைச் செய்தேன் என்று தப்பித்திருக்கலாம். “நீங்கதான்னு நெனச்சேன் மாமா,” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். மன்னித்ததாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் போகாமல் இருந்து, பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இப்போது லயத்தில் அவரை இயற்பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் கோயில் குத்துவிளக்கு வழக்கமான இடத்தில் இல்லை. பூசாரி துலக்க எடுத்துப் போயிருந்தார், அவ்வளவுதான். ஆனால் அது தெரிவதற்கு முன்பு, ஒரே ஒரு கணம், என் மனத்தில் வந்து நின்றது மாமாவின் முகம். இது வேறு யாருக்கும் தெரியாது. அவரிடம் போய் இதையும் சொல்ல வேண்டும். இன்னும் போகவில்லை.