திருப்பிப் போட்ட மேடை

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கேள்விக்கும் பீங்கானையே பதிலாகச் சொல்வார்கள். கல்யாணத்துக்கு என்ன கொடுப்பது? பீங்கான் பொம்மை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஜெயித்தவனுக்கு என்ன பரிசு? பீங்கான் கப்பும் சாஸரும். ஆகவே விருத்தாசலத்தில் நாடக மன்றத்துக்கென்று சொந்தக் கட்டடம் எழும்பியபோது, மேடைக்கும் பீங்கான்தான் பதிக்க வேண்டும் என்று முடிவானதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அறுபதுகளின் கடைசி அது. நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

மன்றம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பீங்கான் கம்பெனித் தொழிலாளர்களும் ரயில்வேக்காரர்களும் இரண்டு மூன்று வாத்தியார்களும் சேர்ந்து வருஷத்துக்கு இரண்டு நாடகம் போடுவார்கள், அவ்வளவுதான். அப்பா அதன் செயலாளர். சித்தப்பா நிரந்தர ராஜா. உயரமும் மீசையும் இருந்த பாவத்துக்கு அவருக்கு வேறு வேஷமே கிடைத்ததில்லை. சம்பளம் வாங்கும் ஆள் வாட்ச்மேன் ஒருவர்தான். திரை இழுப்பதும் விளக்குப் போடுவதும் அவரே. மற்றவர்கள் எல்லாம் ஷிப்டு முடிந்த கையோடு வந்து செங்கல் தூக்கியவர்கள். கம்மாபுரத்து விவசாயி ஒருவர் தன் மாட்டு வண்டியில் மணல் கொண்டுவந்து கொட்டினார். திட்டக்குடி ஜவுளிக்கடைக்காரர் திரைக்கு வேண்டிய துணியைக் கொடுத்தார்.

மேடைக்கு டைல் தந்தவர் ஒரு பீங்கான் கம்பெனி முதலாளி. அதுவரை கப்பும் பொம்மையும் மட்டுமே வெந்த தன் சூளையில், மன்றத்துக்காக முதல்முறையாக டைல் சுட்டார். அப்பாவின் தங்கையான என் அத்தை அந்தக் கம்பெனியில்தான் கிளேஸ் முக்கும் வேலை பார்த்தாள். சுட்ட மண் சாமானை வெள்ளைக் குழம்பில் முக்கி மறுபடியும் சூளைக்கு அனுப்ப வேண்டும். பளபளப்பு அப்போதுதான் வரும். குழம்பு தடித்தால் கொப்புளம், இளகினால் மண் நிறம். டைலுக்கோ மேல் முகம் மட்டும்தான் குழம்பில் படவேண்டும், அடிப்பக்கம் படக்கூடாது. அந்தப் பக்குவம் பிடிபட அத்தைக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பதித்து முடித்ததும் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. குனிந்து பார்த்தால் என் பல்லிடுக்குவரை தெரிந்தது.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த மேடையில் முதல் ஒத்திகை நடந்தது. வரவேற்பு நடனம் என்னுடையது. மூன்றாவது சுற்றில் என் கால் என்னைக் கேட்காமலேயே ஒரு பக்கம் போய்விட்டது. எழுந்து ஆடினேன். மறுபடியும் விழுந்தேன், முழங்கை வீங்கிவிட்டது. காலில் எண்ணெய் இருக்கிறது என்றார்கள், சலங்கை கனம் என்றார்கள், கவனம் போதாது என்று அப்பா திட்டினார். அடுத்ததாக சித்தப்பா ராஜ நடை போட்டு நுழைந்தார். சிம்மாசனத்தைத் தாண்டிச் சறுக்கிக்கொண்டே போய், ஓரத்துத் திரையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அதன் பிறகும் டைல் வழுக்குகிறது என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கொடுத்தவர் மனசு நோகுமே என்ற பயம்.

ஜமக்காளம் விரித்தார்கள், ஜமக்காளத்தோடு சேர்ந்து வழுக்கினோம். மணல் தூவினார்கள், பாதம் எரிந்தது. கடைசியில் நடனத்தையே எடுத்துவிடலாம் என்றார் அப்பா. மூன்று மாதம் பழகிய ஆட்டம் அது. சலங்கையைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அப்படியானால் தன் யுத்தத்தையும் உட்கார்ந்தபடியே நடத்திவிடட்டுமா என்று சித்தப்பா கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

ஒத்திகை பார்க்க வந்திருந்த அத்தை மேடையில் ஏறினாள். வெறுங்காலோடு குறுக்கும் நெடுக்கும் இரண்டு தடவை நடந்து பார்த்தாள்.

"வழுக்குது. பேத்துத் திருப்பிப் போட்டுடலாம். அடிப்பக்கம் கிளேஸ் கிடையாது, காலு நிக்கும்" என்றாள்.

"எதுக்குப் பேக்கணும்? மேலாகவே கொத்தி சொரசொரப்பாக்கிட்டாப் போவுது" என்றார் டைல் பதித்த கொத்தனார்.

"கிளேஸுன்னா கண்ணாடிங்க. கொத்தினா சில்லு நிக்கும், ஆடுற புள்ளைங்க காலு கிழிஞ்சிடும்."

கொத்தனார் ஒரு டைலைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "கவுத்துப் போட்டாலும் சும்மா போட முடியாதும்மா. இந்த வழவழப்புல சாந்து பிடிக்காது. ஒவ்வொண்ணையும் அம்மி கொத்துற மாதிரி கொத்திட்டுத்தான் கவுக்கணும்."

அத்தை குனிந்து ஒரு டைலை உள்ளங்கையால் துடைத்தாள். பிறகு, "கொத்திக்கலாம்" என்றாள்.

"முதலாளிகிட்ட இதை யாரு சொல்றது?" என்று கேட்டார் அப்பா.

"நான் சொல்றேண்ணே."

மறுநாள் காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். முதலாளியின் மேசைமேல் என் முழங்கையைச் சாட்சிப் பொருள் போல எடுத்து வைத்தாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. வீக்கத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"கீழப் பாத்து ஆடக் கூடாதா பாப்பா?"

"ஆடுறவங்க சனத்தைப் பாக்கணுங்க. தரையைப் பாத்துக்கிட்டுப் போறதுக்கு அது வரப்பா?" என்றாள் அத்தை. தன் முதலாளியிடம் ஒருத்தி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் பதில் தேடும் முன்பே அடுத்ததையும் சொல்லிவிட்டாள். "அடிப்பக்கம் நம்ம கம்பெனி முத்திரை இருக்குதுங்க. திருப்பிப் போட்டா மேடை பூரா அதுதான் தெரியும்."

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கினார். பிறகு அத்தையை ஒருமாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த வெள்ளைக்காக ஞாயித்துக்கிழமைகூட வந்து நின்னவ நீ. உனக்கு மனசு வருதா?"

"வழுக்குதுங்க முதலாளி" என்றாள் அத்தை.

திரும்பி வரும் வழியில் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். தனக்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

அன்று மத்தியானமே வேலை ஆரம்பமாயிற்று. சுண்ணாம்புச் சாந்து இன்னும் முழுசாக இறுகவில்லை. கடப்பாரையை நைசாகக் கொடுத்தால் டைல் உடையாமல் வந்தது. காலை ஷிப்டுக்காரர்கள் பெயர்த்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் சாந்தைச் சுரண்டிக் கழுவினார்கள். ரயில்வேக்காரர் ஒருவர் தன் வீட்டு வேலைக்கு வைத்திருந்த இரண்டு மூட்டை சிமெண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுவிய டைல் எல்லாம் அத்தையிடம் போய்ச் சேர்ந்தன. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுச் சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுப்பாள், முந்தானையால் ஈரத்தைத் துடைப்பாள், கொஞ்சம் பார்ப்பாள், கொத்துவாள்.

எனக்கு அந்த வேலைமேல் ஒரே ஆசை. இத்தனை பளபளப்பான ஒன்றைத் திட்டு வாங்காமல் உடைக்க எத்தனை பேருக்குக் கொடுத்துவைக்கும்? ஒரு உளியைத் தேடிப் பிடித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து டைலைத் தொட்டேன். படாரென்று கையில் ஒன்று வைத்தாள்.

"நீ தொடாத."

வாட்ச்மேன் உதவிக்கு வந்தார், அவரிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டாள். சித்தப்பா கெஞ்சிப் பார்த்தார். "ஆளுக்குப் பத்து எடுத்தா நாளைக்கே முடிஞ்சிடும். ஏன் இந்தப் புடிவாதம்?" அவள் நிமிரக்கூட இல்லை. உள்ளங்கை பழுத்து, துணி சுற்றிக்கொண்டு கொத்தினாள். தலையெல்லாம் வெள்ளைப் பொடி. நான்கு நாள் அப்படியே போனது. வேலை முழுவதையும் தானே செய்து பேர் வாங்கப் பார்க்கிறாள் என்று அம்மாவிடம் கோள் சொன்னேன். அம்மா என் கையிலேயே அத்தைக்கு மோர் கொடுத்தனுப்பினாள். உடைந்துபோன சிலவற்றுக்குப் பதிலாக மேடை ஓரத்தில் வெறும் சிமெண்டு பூசினார்கள்.

விழா அன்று உள்ளே கால் வைக்க இடமில்லை. வேப்பூரிலிருந்துகூடப் பஸ் ஏறி வந்திருந்தார்கள். மாலை மரியாதை ஏற்க மேடைக்கு வந்த முதலாளி, மேடை முழுக்கத் தன் முத்திரையைக் கண்டு பூரித்துப்போனார். ஆனால் அதை எப்படி மிதிப்பது என்று தயங்கி, ஓரத்துச் சிமெண்டிலேயே நடந்து வந்தார். அப்பா நன்றி சொன்னார். மணல் கொடுத்தவர், துணி கொடுத்தவர், சிமெண்டு கொடுத்தவர், வாட்ச்மேன் என்று ஒருவரையும் விடவில்லை. சொந்தத் தங்கைக்கு மேடையில் நன்றி சொல்வது அந்தக் காலத்து வழக்கமில்லை.

பிறகு நான் ஆடினேன். மூன்றாவது சுற்று வந்தது. கால் நின்றது. வெந்த மண்ணை முதன்முதலாகப் பாதம் உணர்ந்தது. இன்னும் வேகமாகச் சுற்றினேன். கைதட்டல் எழுந்தது. விழாமல் ஆடிவிட்டேன் என்று காட்டுவதற்காக அத்தையைத் தேடினேன். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில், துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலையும் பார்க்கவில்லை. நான் மேடையின் மறுகோடிக்கு ஆடிக்கொண்டே போனபோதும், முன்பு நான் நின்ற இடத்திலேயே அவள் கண் இருந்தது. கண் கலங்கியிருந்தது.

அவளுக்காகவும்தான் ஆடினேன், அவளோ வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாளே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அத்தையோடு நான் பேசவில்லை.