தரை டாக்டர்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தரை டாக்டர் என்றுதான் பெயர். பிள்ளைகளின் மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவள். அறையில் மேஜையே கிடையாது. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தை பொம்மைகளோடு விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மாத்திரை எழுதத் தெரியாதவளா என்ன? வேண்டுமென்றால் எழுதுவாள். ஆனால் முதலில் பாய்தான். படிக்க வரும் சின்ன டாக்டர்களையும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்காரச் சொல்வாள்.

"என்னம்மா, இன்னிக்கும் சொப்பு விளையாட்டா?" என்பார் பெரிய டாக்டர். நல்ல மனுஷர், கொஞ்சம் அவசரக்காரர். வரிசை வாசல்வரை நின்றால் அவர்தான் என்ன செய்வார்? ஒருநாள் கறாராகவே சொல்லிவிட்டார்: "இந்த அறையிலயும் மேஜை போட்டு மருந்துச் சீட்டு எழுதப் போறோம். பேச்சு வைத்தியமெல்லாம் இனி சின்னவங்களுக்குச் சொல்லிக் குடுக்க வேணாம்."

அவளுக்குப் பகீரென்றது. அப்போது அவளிடம் ஒரு சிறுமி வந்துகொண்டிருந்தாள். முன்பல் விழுந்த வயசு. கைக்குழந்தைத் தம்பி காய்ச்சலில் போனதிலிருந்து வாயே திறக்கவில்லை, தூக்கமும் இல்லை. பெரிய டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்துப் பார்த்தார். துப்பிவிட்டுப் பிறாண்டினாள். இங்கே வந்தாலோ, ஒரு குட்டிப் பொம்மையைப் பாய்க்கு அடியில் வைத்துவிட்டுக் காவல் இருப்பாள். அவ்வளவுதான்.

"ஏன்னு கேக்கலாமே மேடம்?" என்றான் ஒரு சின்ன டாக்டர்.

"அவளே சொல்லுவாப்பா. அதுவரைக்கும் அவ வீட்டுக்கு நாம விருந்தாளி."

ஒருநாள் சிறுமி அப்படிக் காவல் இருந்தபோது, மேஜைக்கு இடம் அளக்க, நாடாவும் கையுமாகப் பெரிய டாக்டர் வந்தார். பின்னாலேயே சிறுமியின் அம்மாவும் வந்து வாசலில் நின்றாள். பூட்ஸ் காலை அவர் பாய்மேல் வைக்கப் போனார்.

"மிதிக்காத! தம்பி தூங்குறான்!"

சிறுமியின் குரல்தான்! தூக்கிய கால் தூக்கியபடி, மனுஷர் கொக்கு மாதிரி நின்றுவிட்டார்.

தரை டாக்டர் அசையவில்லை. மெதுவாகக் கேட்டாள்: "எப்ப எழுந்திருப்பான்?"

"எழுந்திருக்க மாட்டான். தூங்கினா யாரும் எழுந்திருக்க மாட்டாங்க." பெரிய டாக்டரைக் கைகாட்டினாள். "எனக்கும் தூங்குற மாத்திரை குடுத்தாரு."

அம்மாடி! இத்தனை சின்ன உடம்புக்குள் எவ்வளவு பெரிய பயத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறது அந்தக் குழந்தை! எந்த மருந்துக்கு அது எட்டும்?

தாய் வாசலில் நின்றபடியே சொன்னாள்: "தூங்குறான்னு நான்தாங்க சொன்னேன். வேற எப்படிச் சொல்றது?"

"பெத்தவ வாயில வேற எந்த வார்த்தை வரும்?" என்றாள் தரை டாக்டர். "வாம்மா, உக்காரு. செத்துட்டான்னா என்ன, தூங்குறதுன்னா என்னன்னு இன்னிக்குச் சேர்ந்தே சொல்லுவோம்."

பெரிய டாக்டர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார். வெளியே போய்ப் பூட்ஸைக் கழற்றினார். "இதை எனக்கும் சொல்லித் தாங்கம்மா," என்றார் தரை டாக்டரிடம். அந்த நாடா பிறகு அந்த அறைப் பக்கம் வரவே இல்லை.

அன்று வெறுங்காலோடு உள்ளே வந்தவர் சிறுமியைப் பார்த்து, "நான் எங்க உக்காரட்டும்?" என்றார்.

அவள் யோசித்துவிட்டு ஓரத்தைக் காட்டினாள். "அங்க. காலை நீட்டாத."