டார்லாவின் முன்பற்கள்

"உறுப்பினர், நாற்பத்தாறு வயதுப் பெண். தோற்றத்தை மேம்படுத்திக்கொள்ள விரும்புகிறார். எடை குறையவில்லை; எனவே உண்பதில் சிரமமில்லை. கோரப்பட்ட தாடை அறுவைச் சிகிச்சை அழகு சார்ந்தது."

காப்பீட்டு நிறுவனம் இப்படி எழுதியது டார்லா ஹௌகனைப் பற்றி. அவர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். நாள் முழுக்கக் கண்ணாடி பார்க்கிற வேலைதான். ஆனால் அதில் தெரிவதெல்லாம் பின் இருக்கையில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகள். தன் கல்யாணத்துக்கு அவர் வாங்கிய உதட்டுச்சாயம் இன்னும் தீரவில்லை.

கடைவாய்ப் பற்கள் சேர்ந்தாலும் அவருடைய முன்பற்கள் சேராது. நடுவே சுண்டுவிரல் நுழையும். சாண்ட்விச்சைக் கடித்தால் ரொட்டி நசுங்கும். உள்ளே இருக்கும் இறைச்சி முழுசாக உருவிக்கொண்டு வந்து மோவாயில் தொங்கும். ஆகஸ்டில் ஊரே சோளக்கதிரைக் கையில் பிடித்துக் கடிக்க, அவர் மட்டும் மணிகளைக் கத்தியால் சீவிக் கரண்டியால் சாப்பிடுவார்.

"எடை குறையலையாம்!" என்று கணவர் ஆர்லனிடம் பொரிந்தார். "காலமெல்லாம் மசிச்ச உருளைக்கிழங்கைத் தின்னா எடை எங்கேர்ந்து குறையும்?"

"மேல்முறையீடு பண்ணு. ஆனா திட்டாதே."

"எதுக்குத் திட்டணும்? மரியாதையாவே கேக்கறேன்."

மினசோட்டாக்காரர்கள் சண்டைக்குப் போனாலும் முதலில் வானிலை விசாரிப்பார்கள். மேல்முறையீட்டை விசாரிக்கக் காணொளி அழைப்பில் வந்த காப்பீட்டு நிறுவன மருத்துவரிடம், "அங்க மழை உண்டாங்க, டாக்டர்?" என்றுதான் டார்லா தொடங்கினார்.

"வெயில்தாம்மா," என்றார் அவர். "உங்க முகத்துல ஒரு குறையும் தெரியலையே. லட்சணமா இருக்கீங்க. எதுக்கு வீணா தாடையை அறுத்துக்கிட்டு?"

"ரொம்ப நன்றிங்க. முகம் நல்லாருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப எந்த அழகுக்காக அறுத்துக்கறேன்னு எழுதினீங்க?"

டார்லா கேமராவை நெருங்கி உட்கார்ந்தார்.

"வாயைக் காட்டட்டுங்களா? இதுவரைக்கும் உங்க ஆளுங்க யாரும் கேக்கவே இல்ல."

கடைவாயைக் கடித்துக்கொண்டு, முன்னால் இருந்த சந்தில் சுண்டுவிரலை விட்டு ஆட்டிக் காட்டினார். அனுமதி வந்தது. மன்னிப்பு வரவில்லை.

இரண்டு தாடைகளையும் அறுத்து, நகர்த்தி, தகடு வைத்துத் திருகினார்கள். முகம் பூசணிக்காயாக வீங்கி, மெல்ல வடிந்தது. அடுத்த ஆகஸ்டில், தேவாலயத்துச் சோள விருந்தில், பாதிரியாரின் மனைவி லாவோன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடியே டார்லா, பத்து வயசு குறைஞ்சு போச்சுடி! அழகுக்குத்தானே பண்ணிக்கிட்ட? மறைக்காம சொல்லு."

டார்லா கையை விடுவித்துக்கொண்டார். வெண்ணெய் வழியும் கதிரை இரண்டு கையாலும் பிடித்து, முன்பற்களால் வரிசை வரிசையாகக் கடித்து, மூன்று கதிர் தின்றார்.