கஞ்சி போட்ட சுவர்

வீட்டுக்குள் பெயிண்ட் அடிக்க வருகிறவனுக்கு முதல் நாள் டீ வரும், இரண்டாம் நாள் யோசனை வரும், மூன்றாம் நாளிலிருந்து முறைப்புதான் வரும். கட்டிலும் பீரோவும் நடு அறையில் குவிந்துகிடக்க, சாம்பாரில் சுண்ணாம்புத் தூள் மிதக்க நாலு நாள் குடித்தனம் நடத்தியவர்களுக்கு என் கஷ்டம் புரியும். அந்தக் குவியலுக்கு அந்தப் பக்கம் பிரஷ்ஷோடு நின்றவன் நான்.

எழுபதுகளின் கடைசி. எனக்கும் என் கூட்டாளி ஹரிலாலுக்கும் அப்போது தில்லி ஜனக்புரியில்தான் அதிக வேலை. அங்கே பாங்கு உத்தியோகஸ்தர் நெல்லையப்பன் சார் வீட்டு முன் அறைச் சுவரில் பெரிய ஈரக்கறை. அவர் மகள் காந்திமதியைப் பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டமும் அந்தக் கறைக்கு எதிரே உட்கார்ந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போய், பதில் போடவில்லை. பெண் வாயே திறக்கவில்லை என்று அவர்கள் வெளியே சொன்னதாகக் கேள்வி. வீட்டம்மா கோமதியம்மாள் கறையைத்தான் குற்றம் சொன்னார். மூன்றாவது கூட்டம் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. எங்களைக் கூப்பிட்டது புதன்கிழமை.

மாதிரி

டிஸ்டெம்பர் ஈரத்தில் கருத்துத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். இதைக் கோமதியம்மாளிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அவர், "சரிப்பா, ஆனா இந்தப் பச்சை ரொம்பக் கடுசா இருக்கே" என்றார். பீரோ அகலத்துக்கு மாதிரி பூசிய இடத்தில் வெள்ளையைக் கலந்து கலந்து பூசினேன். ஈரச் சுவர் அவர் கேட்ட வெள்ளரிப் பிஞ்சு நிறத்துக்கு வந்ததும், மனசு நிறைந்து எங்களுக்கு இரண்டாவது டீ கொடுத்தார்.

மறுநாள் காலையில் நெல்லையப்பன் சார் பல் தேய்த்துக்கொண்டே முன் அறைக்கு வந்தார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, நேத்து நீ லீவா?"

சைவச் சுவர்

வெள்ளிக்கிழமைக்குள் கறையைச் சுரண்டிப் பட்டி பார்த்தாயிற்று. கொஞ்சம் கடும் பச்சைக்கும் அம்மா சம்மதித்துவிட்டார். இனி தூள் டிஸ்டெம்பர் சுவரில் பிடிக்க வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்ற வேண்டும். பால்கனியில் ஸ்டவ்வை வைத்துக் காய்ச்சினோம். அந்த வாடை பழகியவனுக்கே குமட்டும். கோமதியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து அது என்ன என்று கேட்டார். நான் பேச்சை மாற்றுவதற்குள் ஹரிலால் அரிச்சந்திரன் ஆகிவிட்டான். மாட்டுத் தோலும் எலும்பும், மாதாஜி, என்று இந்தியில் விளக்கமாகச் சொன்னான்.

முட்டைகூட நுழையாத வீடு அது. சாமி படம் மாட்டுகிற சுவர் வேறு. சட்டி உடனே வாசலுக்குப் போயிற்று. பசை சேர்க்க வேண்டாத டிஸ்டெம்பரும் உண்டு, ஆனால் அந்தப் பச்சை வர ஒரு வாரம் ஆகும் என்றான் கடைக்காரன். அம்மா சமையலறைக்குப் போய் ஒரு குண்டான் சோற்றுக் கஞ்சியோடு வந்தார். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஞாயிற்றுக்கிழமையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கஞ்சிக்காக அவர் வாதாடியது இப்படி: "என் சேலையெல்லாம் இந்தக் கஞ்சியிலதான் வெறைப்பா நிக்கி. சேலையாவது நாலு தெரு நடந்துட்டு வருது. சுவரு எங்கயும் போகப் போகுதா?"

போட்டோ

சனிக்கிழமை சாயங்காலம் சுவர் கண்ணைப் பறித்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், கை பச்சை. ஹரிலால் வைத்தான், அவன் கையும் பச்சை. அம்மாவிடம் சொன்னோம். நாற்காலிகளைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிப் போடச் சொன்னார். அதோடு விஷயம் முடிந்தது என்றார்.

அவர் உள்ளே போனதும் காந்திமதி வந்தாள். தில்லியில் பிறந்து வளர்ந்த பெண், தமிழ் பேசினால் நாலு வார்த்தைக்கு ஒன்று இந்தியாக விழும். அது மாப்பிள்ளை வீட்டார் காதில் விழக்கூடாதென்றுதான் வாயைத் திறக்காதே என்று அம்மாவின் உத்தரவு. அவள் சுவரை ஒரு விரலால் தொட்டு, விரலைப் பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, இந்தியில் என்னை அண்ணா என்று கூப்பிட்டுச் சொன்னாள்: "மாணிக்கம் பையா, போட்டோல அவரை எனக்கு சச்முச், நிஜமாவே பிடிச்சிருக்கு. அம்மாகிட்ட சொல்லாதீங்க. நாளைக்கு ஒரு நாள் மட்டும் இந்தச் சுவர் ஒழுங்கா இருக்கட்டும், ப்ளீஸ்."

ஒரு அடி இடைவெளி

பீரோவை நகர்த்த ஆள் வேண்டுமென்று என்னை ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருந்தார்கள். சமையலறை வாசலில் நின்றேன். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, மூன்று பேர். மாப்பிள்ளைக்குக் கருநீல சஃபாரி. பலகாரத் தட்டு வந்தது. தட்டுக்கு வழிவிடுவது நம்மவர்கள் மரியாதை. மூன்று பேரும் எழுந்து நாற்காலியைச் சுவரோடு சுவராக ஒட்டிப் போட்டுக்கொண்டு நன்றாகச் சாய்ந்தார்கள்.

காபி முடிந்தது. காந்திமதி வந்து கும்பிட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் உள்ளே போனாள். "லெட்டர் போடுதோம்" என்று எழுந்தார்கள். மூன்று முதுகும் பச்சை. சுவரில் மூன்று பேர் உட்கார்ந்த தடம் வெள்ளையாகத் தெரிந்தது. அவர்களுக்குத் தெரியாது, எங்கள் எல்லோருக்கும் தெரியும். நெல்லையப்பன் சார் காலி டம்ளர்களை அடுக்கினார். கோமதியம்மாள் சாமி படத்தைப் பார்த்தார். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஏறினால் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் சொல்லிவிடுவார்கள்.

உள்ளேயிருந்து காந்திமதி துண்டோடு வந்தாள். மாப்பிள்ளைக்கு நேரே நின்று, "ஏக் மினிட். திரும்புங்க" என்றாள். அவர் திரும்பினார். தட்டினாள். தட்டிக்கொண்டே தோல், எலும்பு, கஞ்சி எல்லாவற்றையும் பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் ஒப்பித்துவிட்டாள். மாப்பிள்ளையின் அப்பா சத்தமாகச் சிரித்தார். முதுகு சுத்தமான பிறகும் மாப்பிள்ளை திரும்பாமல் அப்படியே நின்றார். கடைசியில் அவர் அம்மாதான் சொன்னார்: "போதும்டா, நகரு. எங்க முதுகும் காத்துக்கிட்டு நிக்கி."

இரண்டாம் கோட்டிங்

லெட்டர் வரவில்லை. இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் அப்பா நேரிலேயே வந்து, முகூர்த்தத்துக்கு எந்த மாதம் வசதி என்று கேட்டார். கல்யாணத்துக்குச் சுவரைச் சரியாகப் பூச வேண்டும் என்று எனக்கு ஆள் வந்தது.

பால்கனியில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சட்டியை ஏற்றினேன். பழைய வாடை வீடு முழுக்கப் பரவியது. கோமதியம்மாள் சாமி படத்தைக் கொண்டுபோய் உள் அறையில் வைத்துவிட்டு வந்து, சட்டியைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தபடி சொன்னார்: "அதுல என்ன இருக்குன்னு நான் கேக்கல, நீயும் சொல்லாத. அந்த ஹரிலால மட்டும் இன்னைக்கு உள்ள விடாத."

இருபத்தாறு வருஷம் தில்லிச் சுவர்களுக்குப் பெயிண்ட் அடித்ததில், என் வீடு தேடிக் கல்யாணப் பத்திரிகை வரவைத்தது நான் கெடுத்த அந்த ஒரு சுவர்தான்.