முருகாயியின் மஞ்சள் சேலை

"நாளைக்கு விடியவும் தோட்டம் பூராவுக்கும் மருந்து அடிச்சிரு. ஒரு செடி விடக் கூடாது" என்றார் முதலாளி.

போடிமெட்டுக்கு மேலே எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் வெள்ளை ஈ இறங்கியிருந்தது. இலையைத் திருப்பினால் அடியில் மாவு தூவியதுபோல அப்பியிருக்கும். சாற்றை உறிஞ்சி இலையை மஞ்சளாக்கிவிடும்.

நான் அங்கே சூப்பர்வைசர். எனக்கு ஈயைவிட மருந்தைக் கண்டுதான் பயம். சித்திரை மழை பெய்து, செடியின் அடியில் பூக்காம்பான சரம் ஓடி, பூக்கத் தொடங்கிய நேரம் அது. ஏலப்பூ வெள்ளை, நடு இதழில் ஊதாக் கோடுகள். அந்தக் கோடுகள்தான் தேனீக்கு வழிகாட்டி. தேனீ வராத பூ காயாகாமல் உதிர்ந்துவிடும். காலையில் மருந்தடித்தால் தேனீ மிஞ்சாது. காய் இல்லையென்றால் போடியிலிருந்து ஜீப்பில் வரும் பெண்களுக்குக் காயெடுக்கும் சோலியும் இல்லை.

"தேனீ செத்துப்போயிருமே மொதலாளி" என்றேன்.

"செடியே போகப்போகுது. நீ தேனீக்கு வக்காலத்து வாங்குற" என்று சொல்லிவிட்டு அவர் போடிக்கு இறங்கிவிட்டார்.

அன்று பெண்கள் கீழ்ச்சரிவில் காய்ந்த சருகு கழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முருகாயி மட்டும் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்ததால் மஞ்சள் சேலையில் வந்திருந்தாள். திடீரென்று கத்தினாள்.

"அண்ணே, இந்தச் சனியன் என்னைய மட்டுந்தேன் மொய்க்குது!"

"நீ காப்புக் கட்டுனவ. ஈகூட ஒன்னையத்தேன் கும்புடுது ஆத்தா" என்றாள் பக்கத்தில் நின்ற செல்லம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகுதான் பார்த்தேன். செல்லத்தின் நீலச் சேலையில் ஒன்றுமில்லை. முருகாயியின் முந்தானை முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

வெள்ளை ஈக்கு மஞ்சள் நிறத்தின் மேல் ஆசை என்று ஏதோ பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அன்றைக்கு என் கவனமெல்லாம் மதியச் சாப்பாட்டின் மேல் இருந்தது.

முருகாயியைத் தோட்டம் முழுக்க நடக்கச் சொன்னேன். மேல்சரிவில் இலையை உலுக்கினாலும் சேலை சுத்தமாகவே இருந்தது. கீழ்ச்சரிவில்தான் வந்து அப்பியது. ரோட்டிலிருந்து பார்க்கப் பச்சையாகத் தெரியட்டும் என்று முதலாளி யூரியாவை அள்ளிப் போட்ட இடம் அது. யூரியா கூடினால் இலை மெத்தென்று தளதளக்கும், சாறும் ஈயின் வாய்க்கு ருசிப்படும். விருந்து வைத்தது நாங்கள்தான்.

முதலாளிக்குப் போன் போட்டேன். "கீழ்ச்சரிவ மட்டும் நான் பாத்துக்கறேன். மேல மருந்தே வேணாம்."

"ஒரு வாரம் பாரு. சரிப்படலைன்னா நீ வேற தோட்டம் பாத்துக்க" என்றார்.

அடுத்ததாக ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். முருகாயியிடம் பழைய விரதச் சேலை இருந்தால் கொண்டா, கிழித்து விளக்கெண்ணெய் தடவிக் கட்டலாம் என்றேன்.

"சாமி சேலையில வெளக்கெண்ணெயா? கன்னத்துல போட்டுக்கங்கண்ணே!"

போட்டுக்கொண்டேன். அப்புறம் காலி டின்களை வெட்டித் தகடாக்கி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, எண்ணெய் தடவிக் கீழ்ச்சரிவில் தொங்கவிட்டோம். தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு, சாயங்காலத்தில், வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து இலையின் அடியில் மட்டும் அடித்தோம். யூரியாவை நிறுத்தினோம்.

வாரம் முடிந்து முதலாளி வந்தார். தகடெல்லாம் ஈ ஒட்டி வெளுத்திருந்தது. புதுக் குருத்தில் ஈ இல்லை. குனிந்து சரத்தைப் பார்த்தார். பூவுக்குப் பூ தேனீ.

"என்னப்பா, இந்த இரைச்சல் இரையுது!" என்றார். அவர் வாயில் பாராட்டு என்றால் அவ்வளவுதான். அந்த வருஷம் காயெடுக்க ஜீப்பில் இடம் பற்றவில்லை.

தோட்டவேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான். பூ நிறத்தைக் காட்டியும் இலை சாற்றைக் காட்டியும் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. மருந்து டப்பாவைத் திறக்கும் முன், கூப்பிட்டது யாரை என்று பாருங்கள்.

நான் ஓய்வு பெற்றுப் போடியில் இருக்கிறேன். என் வேலையும் அத்தனை பேர் வேலையும் நிலைத்தது அந்த முந்தானையால்தான். அதை நான் மறக்கவில்லை. சித்திரை பிறந்தால் என் வீட்டிலிருந்து முருகாயிக்கு ஒரு மஞ்சள் சேலை போகும். ஒவ்வொரு வருஷமும் அவள் அதை விரித்து, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள்.

"எண்ணெயத் தடவாமத்தேன குடுக்குறீக?"