லலிதாவின் மூக்கைப் பற்றியும் எழுதுவேன்

ஹவுரா படகுத்துறையில் டிக்கெட் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் அலுவலகத்தில் வெகுகாலம் வண்டி ஓட்டிய பிமல், "லலிதாதி ஆர் நேய், தாதா" என்றார். லலிதா இல்லை. காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரமில்லையாம். வரிசையை விட்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன்.

பவானிபூரில் லலிதாவின் வீட்டை அடைவதற்குள் நம் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் செய்திகள் குவிந்துவிட்டன. 'ஏதோ உடம்புக்கு முடியாமலே இருந்தார், பாவம், எல்லாவற்றையும் பொறுமையாகச் சகித்தார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். யாரைச் சொல்கிறார் என்று எனக்குச் சற்று நேரம் விளங்கவில்லை. லலிதா எதையும் பொறுமையாகச் சகித்தவர் அல்ல. அந்த 'ஏதோ' அவரைக் கொல்லவும் இல்லை. அதற்குப் பெயர் மூக்கில் ரத்தம் வருவது. பரம்பரையாக வந்த கோளாறு, அவர் அப்பாவுக்கும் இருந்தது. மூக்கின் உள்தோலில் ரத்தக் குழாய்கள் மெலிந்து புடைத்திருக்கும். தும்மினால் போதும், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டும்.

அவருடைய தொழில் கப்பலில் ஏறுவது. கிடர்பூரில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த கம்பெனி, வந்திறங்கும் சரக்கு நனைந்திருக்கிறதா, கெட்டிருக்கிறதா என்று பார்த்து ரிப்போர்ட் கொடுக்கும். அவர் சர்வேயர். எந்தக் கப்பலுக்கு யார் போவது என்று பட்டியல் போடுகிறவன் நான். ஒருநாள் துறைமுகக் கொட்டகையில் என் எதிரிலேயே அவருக்கு ரத்தம் கொட்டியது. நான் பதறிப்போய் அவர் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். கூலியாட்கள் உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அத்தனை ரத்தமும் தொண்டைக்குள் இறங்கி, வாந்தியாக என் சட்டை மேல் வந்தது. என் கையைத் தட்டிவிட்டு முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை இரண்டு விரலால் இறுக்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ரத்தம் நின்ற பிறகுதான் பேசினார்: "குனிய வைக்கணும் வெங்கட். என் ரத்தத்தை என்னையே குடிக்க வைக்கிறீங்களே."

அந்த வருடம் மூன்று முறை வார்டில் சேர்ந்தார். மூக்குக்குள் நீள நீளமாகத் துணியைத் திணித்து இரண்டு நாள் அடைத்துவைப்பார்கள். பிறகு உருவுவார்கள். பிரசவத்துக்கு அழாதவர் அந்தத் துணியை உருவும்போது அழுததாக அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு மனம் தாங்கவில்லை. அவரை ஒரு வார்த்தை கேட்காமல் கப்பல் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிட்டு, உடல்நிலை காரணமாக மேசை வேலைதான் இவருக்கு ஏற்றது என்று நிர்வாகத்துக்குக் குறிப்பு எழுதினேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

மறுநாள் அந்தக் குறிப்பின் நகலை என் மேசையில் போட்டார். "இந்த ரிப்போர்ட்டுக்கு சர்வே பண்ணினது யாரு?" என்றார். "கண்ணால பாக்காததை எழுதி கையெழுத்துப் போட்டா நம்ம தொழில்ல லைசென்ஸ் போயிடும். வெள்ளிக்கிழமை லீவு போடுங்க. என்கூட வந்து பாத்துட்டு அப்புறம் எழுதுங்க."

அழைத்துப்போன இடம் ஒரு ஆஸ்பத்திரியின் அவுட்டோர். வெளிநோயாளிப் பிரிவுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். அங்கே ஒரு வங்காளி டாக்டரம்மாவை லலிதா தானே தேடிக் கண்டுபிடித்திருந்தார். மரத்துப்போகச் செய்யும் மருந்தில் நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் மூக்கில் வைத்தார்கள். விளக்கு வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டதும் திரையில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நுண்ணிய ஊசியால் சொட்டு மருந்து. புள்ளி அங்கேயே வெளுத்துச் சுருங்கியது. கத்தி இல்லை, மயக்கம் இல்லை, துணி இல்லை. லலிதா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் திரையைப் பார்க்கிறேனா என்று ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டிருந்தார். இது வேரோடு போகிற நோய் இல்லை, சில மாதத்தில் புதிய புள்ளிகள் வரும், வந்தால் வாருங்கள் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். அரைமணி நேரம் உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் லலிதா ஆட்டோவை நிறுத்தி, கிடர்பூர் என்றார்.

நான் புதிய குறிப்பு எழுதினேன். நிர்வாகம் இழுத்தடித்தது. சரக்கு அறைக்குள் இறங்கும்போது ரத்தம் வந்தால் யார் பொறுப்பு என்றார் மேலாளர். "குனிஞ்சு மூக்கைப் பிடிச்சுக்குவேன். உங்களுக்கு மயக்கம் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று லலிதா கேட்டார். இரண்டு மாதம் ஒருநாள் விடாமல் மேலாளரின் அறை வாசலில் போய் நின்றார். கடைசியில் பெயர் பட்டியலுக்குத் திரும்பியது. அதன்பின் ஓய்வு பெறும்வரை கப்பல் ஏறினார். ரத்தம் வராமல் இல்லை. ஆனால் அதன் பழைய மூர்க்கம் போயிருந்தது. ஊசி போட வேண்டி வந்தால், முடி வெட்டிக்கொள்ளப் போகிற மாதிரி போய்விட்டு வருகிறேன் என்பார்.

லலிதா இறந்த பதின்மூன்றாம் நாள் அவருடைய அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். நம் சங்க மலருக்கு நான் எழுதப்போவது அவருக்குத் தெரிந்திருந்தது. நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள், அந்த மூக்கு விஷயம் மட்டும் வேண்டாம் என்றார். லலிதாவின் மகள் மீராவுக்கு வரன் பார்க்கிறார்களாம். பரம்பரை நோய் என்று தெரிந்தால் யார் வருவார்கள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கண்களில் இருந்த கவலை எனக்கு நன்றாகப் பழக்கமானது. அந்த முதல் குறிப்பை எழுதியபோது எனக்கும் அதேதான் இருந்தது.

லலிதாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். ஒருவர்மேல் இரக்கம் பொங்கும்போது, அவருக்காக நானே முடிவெடுக்காமல் நேரே அவரிடம் போய்க் கேட்பது. அங்கிருந்தே மீராவிடம் போனேன். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"எனக்கும் இருக்கு மாமா. போன மாசம்தான் ஃபர்ஸ்ட் ஊசி போட்டுக்கிட்டேன், அம்மாதான் கூட வந்தா. மறைச்சுக் கல்யாணம் பண்ணினா என்ன, முதல் வாரமே ரத்தம் பட்ட தலகாணி சொல்லிடும். நீங்க எழுதுங்க. என் பேரையும் போட்டே எழுதுங்க."

எழுதிவிட்டேன். அண்ணனுக்குக் கோபம் என்றால், என் வீடு அவருக்குத் தெரியும்.