வெற்றுப் பக்கத்தில் பால் பொங்கியது

கீழே டீக்கடையில் பால் பொங்கி வழிந்து தீய்ந்தது. அந்த வாசனை மாடிப்படி ஏறி, தில்லை நகரில் மாலதி நடத்தும் சின்ன அலுவலகத்துக்குள் வந்தது. தென்னூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அம்மா வீடு அல்லவா ஞாபகம் வர வேண்டும்? ஆனால் லைப்சிக்தான் ஞாபகம் வந்தது. ஜெர்மனியில் நான் வாடகைக்குப் பிடித்த முதல் வீடு. சமையலறை இதுதான் என்று வீட்டுக்காரர் ஒரு கதவைத் திறந்தார். நான்கு சுவர், சுவரிலிருந்து நீட்டிய இரண்டு குழாய். அடுப்பு, தொட்டி, அலமாரியெல்லாம் எங்கே என்றேன். "முன்பு இருந்தவர்கள் எடுத்துப்போய்விட்டார்கள்" என்றார். "போலீசில் சொன்னீர்களா?" என்று கேட்டேன். அங்கே வீடு மாறுகிறவர்கள் சமையலறையையே கழற்றிக்கொண்டு போவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்! இருந்தாலும் புது வீடு. பால் காய்ச்சாமல் பெட்டியைப் பிரிக்க மனம் வரவில்லை. வெறுந்தரையில் மின்னடுப்பை வைத்துப் பொங்க விட்டேன். வழிந்த பால் தீய்ந்து, புகை எச்சரிக்கை மணி அலற, எதிர்வீட்டு லோரென்ட்ஸ் ஓடி வந்தார். சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். மறுநாள் வாசலில் பால் பாக்கெட்டுகள் இருந்தன. சமைக்க வழியில்லாமல் பாலைக் குடித்தே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துவிட்டார், பாவம்.

விடுப்பில் ஊருக்கு வந்த என்னை மாலதி ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் பாலம் தாண்டி வந்து பிடித்துக்கொண்டாள். என்னோடு கம்ப்யூட்டர் படித்த கல்லூரித் தோழி. கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வெப் ஆப் செய்து தருகிறாள். புது வேலை வந்தால் பழைய வாடிக்கையாளரின் ஆப்பை நகலெடுத்து உள்ளே இருப்பதை மாற்றுவது அவள் வழக்கம். அப்படித்தான் ஒரு பல் டாக்டரின் முன்பதிவுப் பக்கத்தில், உச்சியிலேயே, "இன்றைய ஸ்பெஷல்: ஜாங்கிரி" என்று ஸ்வீட் கடையின் வரி தங்கிவிட்டது. "பல்லைக் காட்ட வர்றவங்க என்னைப் பார்த்துப் பல்லைக் காட்றாங்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள சுத்தமா ஒண்ணு காட்டுங்க. இல்லன்னா சென்னைக்காரங்ககிட்ட குடுத்துடுறேன்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் போனால் அந்தத் தெருவின் மற்ற கிளினிக்குகளும் போய்விடும். எனக்குச் சனிக்கிழமை விமானம்.

நகலெடுப்பதை நிறுத்து, எந்த வேலைக்கும் முதல் நாள் எடுத்துத் தொடங்க, யாருடைய வாசனையும் ஒட்டாத ஒரு டெம்ப்ளேட் செய்வோம் என்றேன். அவளுக்கு எதையும் விட மனமில்லை. காலண்டர் இருக்கட்டும், சாட் இருக்கட்டும், பேமென்ட் இருக்கட்டும். "இது டெம்ப்ளேட்டா, நான் ஊருக்குக் கிளம்பறப்ப எங்கம்மா கட்டுற பெட்டியா?" என்று கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் வழித்து எறிந்தேன். அவள் ஓட்டிப் பார்த்தாள். வெள்ளைத் திரை. வெறும் வெள்ளை.

"என்னடீ இது? ஓடுதா, உசிரு போயிடுச்சா?"

"ஓடுது. இனிமே நீதான் ஒவ்வொண்ணா வைக்கணும்."

"நல்லா ஜெர்மன்காரி ஆயிட்ட. உன் லைப்சிக் ஹவுஸ் ஓனர் மாதிரி குழாயை மட்டும் நீட்டி வெச்சிருக்க."

அப்போதுதான் கீழே பால் தீய்ந்தது. காலி வீட்டில் நாம் முதலில் செய்வது ஒன்றே ஒன்று: பால் பொங்க விடுவது. அதைத்தான் டெம்ப்ளேட்டில் நான் மறந்திருந்தேன். ஒரே ஒரு பக்கம் எழுதினேன். வாடிக்கையாளரின் பெயர், பக்கத்துக்கான நிறம், தொலைபேசி எண்: மூன்றையும் ஒரே இடத்தில் நிரப்ப வேண்டும். நிரப்பினால் பக்கம் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு எழும். ஒன்று விட்டுப்போனாலும் எழாது, சிவப்பில் திட்டும். மாலதி பல் டாக்டருக்காக மூன்றையும் நிரப்பினாள். மயில்கழுத்து நிறத்தில் பக்கம் மலர்ந்தது. "பொங்கிடுச்சுடீ!" என்று கத்தினாள். காலண்டரை அதன்பிறகு அவளே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் திரையை மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினார். "ஜாங்கிரியைக் காணோமே" என்றார். பிறகு சிரித்தார். "செய்ங்கம்மா. பக்கத்து கண் டாக்டரும் கேட்டுக்கிட்டு இருந்தாரு."

விமான நிலையத்துக்கு மாலதிதான் கொண்டுவந்து விட்டாள். அடுத்த மாதம் லைப்சிக்கில் வீடு மாறுகிறேன், காசு போட்டு வாங்கிய சமையலறையைக் கழற்ற ஆள் தேடவேண்டும் என்று வழியெல்லாம் புலம்பினேன். டெம்ப்ளேட்டை இனி பகலில் அவள் திருத்துவாள். அவள் தூங்கியபின், இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும் என் ஊரில் நான் திருத்துவேன். என் ஊர் என்று எழுதிவிட்டேன், பாருங்கள். கண்ணாடிக் கதவருகே பெட்டியை என் கைக்கு மாற்றினாள்.

"போயிட்டு வரேன்டீ."

"வா. வர்றப்ப அந்தக் கிச்சனையும் கழட்டி எடுத்துக்கிட்டு வந்துடு."